நான் நீக்கிய மழைநாள்கள்

சிரம்பானை ஒட்டிய பாரோய் சந்தையில் கீரை விற்கும் அம்மாளிடம் முதல்முறை போனபோது, கட்டு எவ்வளவு என்று நான் கேட்பதற்குள் அவர் என்னைக் கேட்டார்: "எந்தத் தோட்டம்யா நீங்க?" எனக்குத் தோட்டம் ஏது? வாடகை வீட்டு வாசலில் ஒரு துளசிச் செடி வைத்திருந்தேன், அதுவும் வாடிக்கொண்டிருந்தது. "முதுகுளத்தூர் பக்கம்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜொகூர்லயா இருக்கு அது?" என்றார். மலேசியாவில் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் ஊர் கேட்பதில்லை, தோட்டம் கேட்கிறார். ரப்பர் தோட்டங்கள் பலவும் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டன, சில வீட்டுமனைகளாகிவிட்டன, கேட்பவரே சிரம்பான் டவுனில் மூன்றாவது மாடியில் குடியிருப்பார். இருந்தாலும் கேள்வி அதுதான். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். என்னைப்போல வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவர்களுக்குத் தெரியும், அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் அசட்டுச் சிரிப்பு சிரிக்க வேண்டியிருக்கும். ஆறு வருடமாகச் சிரித்துவருகிறேன்.

சிரம்பானில் ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவத் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். என் சித்தப்பா இதை ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பது என்று நம்பி, ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இங்கே கல்லூரி உணவகத்தில் சோறு போடும் மலாய் அக்கா, என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு முதல் வாரமே தன் முழங்காலைக் காட்டினார். நான் அந்த டாக்டர் இல்லை என்று அரைகுறை மலாயில் விளக்கினேன். எனக்கு முழங்கால் வைத்தியம் தெரியாது என்று மட்டும் அவர் புரிந்துகொண்டார். மறுநாள் தோள்பட்டையைக் காட்டினார். நான் உண்மையில் செய்வது இவ்வளவுதான்: நோயாளி எப்போது வருகிறார், எப்போது வராமல் போகிறார், அவருடைய விவரம் எங்கே பதிவாகிறது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் பார்த்து, கிளினிக்கில் எதைச் சரிசெய்யலாம் என்று சொல்வது. சொல்வதைக் கட்டுரையாக எழுதி மாநாட்டில் வாசிப்போம். மாநாட்டுக்கு வரும் மற்றவர்கள் கட்டுரைகளை, எழுதியவர் பெயர் மறைக்கப்பட்ட நிலையில் படித்து மதிப்பிடுவோம். எழுதியவருக்கும் நாம் யாரென்று தெரியாது. அந்த மதிப்பீட்டில்தான் நான் ஓர் அசிங்கமான காரியம் செய்தேன். காரணம் வெறும் பொறாமை. வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு வைக்க முடியவில்லை.

பொறாமை கலைவாணியின் மேல். கல்லூரியில் என் அறையில்தான் அவருக்கும் மேசை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். புக்கிட் பெலண்டோக் பக்கம் தோட்டத்தில் பிறந்து, அரசாங்கக் கிளினிக்கில் பதிவேடு எழுதும் வேலையில் சேர்ந்து, பகுதிநேரமாகப் படித்து விரிவுரையாளர் ஆனவர். முனைவர் பட்டம் இல்லை, வேலையும் ஒப்பந்தத்தில்தான். ஆனால் போர்டிக்சன் சாலையில் உள்ள எந்தக் கிளினிக்குக்கும் அவர் ஒரு போன் போட்டால் போதும். நான் முத்திரை வைத்து மூன்று கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தகவலை அவர் சாப்பாட்டு வேளையில் சிரித்துப் பேசிக்கொண்டே வாங்கிவிடுவார். பருவம் வந்தால் அவர் மேசைமேல் மட்டும் டுரியான் பழம் வந்து உட்காரும். எனக்கும் பாதி கொடுப்பார். அதைச் சாப்பிடும்போதுகூட, எனக்கு ஏன் யாரும் டுரியான் தருவதில்லை என்றுதான் நினைப்பேன். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்குத்தான் டுரியான் நாத்தமே ஆகாதே" என்றாள். பொறாமைப்படுகிறவனிடம் இப்படி நியாயம் பேசக் கூடாது.

என் ஆராய்ச்சி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வரவேண்டிய நோயாளிகள் ஏன் வராமல் போகிறார்கள் என்பது. யார் அடுத்த முறை வரமாட்டார் என்று முன்கூட்டியே கணிக்கும் ஒரு மென்பொருள் செய்திருந்தேன். கணித்துச் சொன்னால் கிளினிக்கிலிருந்து அவர்களுக்கு மட்டும் போன் போட்டு நினைவூட்டலாம். தோட்டப்புறத்துக் கிளினிக் ஒன்றின் பழைய பதிவுகளை வைத்துத்தான் அதைப் பழக்கினேன். பதிவுகளில் ஒரு தொல்லை இருந்தது. திடீர் திடீரென்று சில நாள்களில் ஆள் கூட்டம் எகிறியிருந்தது. அன்றைக்குத் தேதி இல்லாதவர்கள், போன வாரம் வராமல் விட்டவர்கள், எல்லோரும் ஒரே காலையில் வந்து குவிந்திருந்தார்கள். அந்த நாள்களில் என் கணிப்பு மொத்தமும் பொய்த்தது. கிளினிக்குக்குப் போன் போட்டு, நொராய்னி என்கிற மிஸ்ஸியிடம் கேட்டேன். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்பார்கள். அவர் தேதிகளைக் கேட்டுவிட்டு, "ஹுஜான்லா, டாக்டர்" என்றார். ஹுஜான் என்றால் மழை என்கிற அளவுக்கு எனக்கு மலாய் தெரியும். மழையில் மின்சாரம் போய், கம்ப்யூட்டர் நின்று, இரண்டு மூன்று நாள் வரவுகளைச் சேர்த்து ஒரே தேதியில் ஏற்றிவிட்டார்கள், அதற்கு இந்த அம்மாள் சமாதானம் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லி போனை வைத்துவிட்டு, அந்த நாள்களை எல்லாம் நீக்கினேன். கணிப்பு பளிச்சென்று சரியானது.

வேறு விதமாக எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. எங்கள் பக்கம் மழை வருவதே அபூர்வம். வந்துவிட்டால் பஸ் வராது, கண்மாய்க்கரைப் பாதை சேறாகிவிடும், பிரசவ வலியைத் தவிர எதற்கும் யாரும் வெளியே கிளம்பமாட்டார்கள். சின்ன வயதில் காதுவலியென்று அப்பா என்னை ஒரு மழைநாளில் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே மருந்து கொடுக்கிறவரும் நாங்களும் தவிர ஒரு ஆள் இல்லை. அவர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு எங்களை அதிசயமாகப் பார்த்து, "இந்த மழையில வந்திங்களா?" என்று கேட்டார். மழை பெய்தால் ஆஸ்பத்திரி காலி என்பது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை, அதனால் அதைச் சந்தேகப்படவும் தோன்றவில்லை. ஒருநாள் கலைவாணி என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "மழையப் பாத்திங்களா டாக்டர், இந்த நாள்லல்லாம்?" என்று கேட்டார். "வானிலை எல்லாம் இந்த ஆராய்ச்சியில வராது கலைவாணி" என்றேன், ஒரு முனைவர் சொல்ல வேண்டிய தோரணையில். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

போர்டிக்சனில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வருடாவருடம் நடக்கும் சிறிய மாநாடு அது. ஆளும் குறைவு என்பதால் கட்டுரை அனுப்பியவர்களே மற்றவர்கள் கட்டுரையை மதிப்பிடவும் வேண்டும். அந்த வருடம் அதில் ஒரு கூடுதல் விஷயம் இருந்தது. மேடையில் வாசிக்கத் தேர்வாகும் கட்டுரைகளில் ஒன்றை, தோட்டப்புறக் கிளினிக்குகள் சிலவற்றில் ஒரு வருடம் உண்மையாகவே நடைமுறைப்படுத்திப் பார்ப்பார்கள். அறையில் வாசித்துவிட்டுக் கோப்பில் போடுகிற காரியம் இல்லை, நிஜமான நோயாளிகள், நிஜமான மருந்து. அது எனக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட அளவுக்கு, வெளிநாடு வந்த பிறகு வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. இங்கே ஒரு கிளினிக் என் வேலையால் மாறியது என்று ஆகிவிட்டால், நானும் இந்த ஊரில் ஏதோ ஓர் ஆள் என்று இருக்கும் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மதிப்பிட வேண்டிய கட்டுரையைத் திறந்தேன். பெயர் மறைத்திருந்தது. இரண்டாம் பக்கத்திலேயே எழுதியது யார் என்று தெரிந்துவிட்டது. தோட்டத்தில் விடியற்காலை மண்டோர் என்கிற மேற்பார்வையாளர் ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். ஆங்கிலக் கட்டுரைக்குள் அந்தச் சொல்லை அப்படியே போட்டிருந்தார். ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்களால் மழை பெய்தால் மரம் சீவ முடியாது, பட்டை ஈரமாக இருந்தால் பால் கிண்ணத்துக்கு வராமல் மரத்தைச் சுற்றி வழிந்துவிடும், அன்று பெரட்டில் நின்று திரும்ப வேண்டியதுதான். மற்ற நாளில் கிளினிக்குக்குப் போனால் அன்றைய வேலை போகும். மழைநாளில் வேலை ஏற்கெனவே போய்விட்டது. அதனால் மழைநாளில் வருகிறார்கள். கிளினிக்கோ மழைநாளில் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், உங்கள் தேதி இன்றில்லை என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறது. விடியலில் மழை என்றால் அன்று கூடுதல் இடங்களைத் திறந்துவிடுங்கள், தவறவிட்டவர்களின் போனுக்கு "இன்று வரலாம்" என்று ஒரு செய்தி போகட்டும் என்பதுதான் கட்டுரை. கணிப்பும் இல்லை, பெரிய சூத்திரமும் இல்லை. எழுதியதில் இலக்கணப் பிழைகள்கூட இருந்தன.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து நான் நீக்கிய நாள்களின் பட்டியலை எடுத்து, பழைய மழைப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் எல்லாம் விடியலில் மழை பெய்த நாள்கள். நொராய்னி மிஸ்ஸி சமாதானம் சொல்லவில்லை, காரணத்தைத்தான் சொல்லியிருந்தார். எனக்கு முதலில் வந்தது வெட்கம் என்று சொல்ல ஆசைதான். வந்தது வயிற்றெரிச்சல். மாதக்கணக்கில் நான் உட்கார்ந்து கட்டியதை, பிறந்து வளர்ந்த சலுகையில் ஒருத்தி ஒரே வரியில் தாண்டிப் போகலாமா? நான் மட்டும் புக்கிட் பெலண்டோக்கில் பிறந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காதா? படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஆசிரியரை உங்களுக்குத் தெரியுமா, உங்களுக்கும் இதற்கும் போட்டி உண்டா? பெயர்தான் அச்சில் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இல்லை என்று குறித்தேன். பிறகு எழுதினேன். மழைதான் காரணம், வேறெதுவும் இல்லை என்பதற்கு ஆதாரம் போதாது. நோயாளிகளிடம் நேரில் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு சிறு வட்டாரத்துக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே உள்ள கணிப்பு முறைகளோடு ஒப்பிடவில்லை. ஒவ்வொரு வரியும் சரியான வரி. எந்தப் பேராசிரியரும் குறை சொல்ல முடியாது. விஷத்தை எப்படிச் சுத்தமான டம்ளரில் கொடுப்பது என்று எங்கள் தொழிலில் நன்றாகவே கற்றுத்தருகிறார்கள். மேடை வேண்டாம் என்று பரிந்துரைத்து அனுப்பினேன்.

முடிவு வந்தது. என் கட்டுரைக்கு மேடை. அவருடையதைச் சுவரில் ஒட்டும் போஸ்டராக வைக்கலாம், ஆனால் மதிப்பாய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதித் திருத்தி அனுப்ப வேண்டும். மறுநாள் காலையில் கலைவாணி ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "டாக்டர், கொஞ்சம் பாக்குறிங்களா? இந்த ரெண்டாவது ரிவியூவர் ரொம்ப கெட்டிக்காரரா இருக்காரு. மத்த ரெண்டு பேரும் நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போய்ட்டாங்க, இவருதான் உக்காந்து படிச்சிருக்காருலா." என் வரிகளை அவர் மஞ்சள் நிறத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்ட கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிக்கொடுத்தேன். ஒரு கேள்வியில் வந்து நின்றோம். நோயாளிகளிடம் நேரில் கேட்க வேண்டும். "அப்ப வாங்க டாக்டர், நம்ம வீட்டுக்கே போவோம். எங்க அம்மாவும் பேஷண்ட்தான். நீங்களும் கூட இருந்தா கேள்வி சரியா கேக்கலாம்" என்றார்.

விடியலில் மழை பெய்து, கிளினிக்கும் விடுமுறையான ஒரு சனிக்கிழமை, அவருடைய காரில் போனோம். இருபுறமும் செம்பனை, நடுவே ஓரிடத்தில் மட்டும் ரப்பர் மரங்கள். கலைவாணியின் அம்மா பாக்கியம்மா இன்னும் அங்கே பால் வெட்டுகிறார், மகள் வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. மோட்டார் சைக்கிள் கூடையில் கிளினிக் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தினமும் எடுத்துக்கொண்டு போவாராம். மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் காட்டிலிருந்தே நேராகக் கிளினிக்குக்குப் போக வசதி. சூடாகத் தேத்தண்ணி கொடுத்து, தட்டில் ரொட்டி வைத்தார். நான் பேனாவை எடுத்து, மழைநாளில் மட்டும் ஏன் போகிறீர்கள் என்று முறைப்படி கேட்டேன்.

"மழ பேஞ்சா மரம் ஈரம் தம்பி, பால் வழிஞ்சி மண்ணுக்குப் போயிரும். மண்டோர் வேல இல்லன்னுருவாரு. சும்மாதான இருக்கோம், கிளினிக் போய்ட்டு வந்துருவோம்."

"மழை இல்லாத நாளில்?"

"மழ இல்லன்னா வேல இருக்கே!" என்று சிரித்துவிட்டார். "இதக் கேக்கவா சிரம்பான்லருந்து வந்திங்க?"

கலைவாணியும் சிரித்தார். நானும் சிரித்தேன். சுற்றியிருந்த வீடுகளிலும் போய்க் கேட்டோம், எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எல்லோரும் கலைவாணியை "வாணி, வாணி" என்று கூப்பிட்டு, தங்கள் கிளினிக் புத்தகத்தைக் கேட்காமலே எடுத்துவந்து நீட்டினார்கள். என்னிடம் மரியாதையாக நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலி எனக்குப் பிடிக்கவில்லை. அவரை யாரும் உட்காரவே சொல்லவில்லை, அவர் பாட்டுக்குச் சமையலறைக்குள் போய்வந்துகொண்டிருந்தார்.

மாநாட்டன்று மேடையில் நன்றாகத்தான் பேசினேன். கணிப்பின் படங்கள் வரிசையாக வந்தன. நம்பத்தகாத சில நாள்கள் நீக்கப்பட்டன என்ற வரியை வேகமாகத் தாண்டினேன். கேள்வி நேரத்தில் கிளினிக்குகளிலிருந்து வந்தவர்கள் இருந்த பின்வரிசையிலிருந்து ஒரு மலாய்ப் பெண் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டார், "டாக்டர், நீங்கள் எனக்கு ஒருமுறை போன் செய்தீர்களே, நான்தான் நொராய்னி. ஹுஜான் என்று சொன்னேனே, அந்த நாள்களையா நீக்கினீர்கள்? எங்களுக்கு மிகவும் கஷ்டமான நாள்களே அவைதானே?" கூடத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். மாநாட்டுக் குழுத் தலைவர் புவான் ரொஹானா முன்வரிசையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். பதிவில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மூன்றாவது வரிசையில் கலைவாணி, தலையைக் குனிந்து, நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நீக்கப்பட்ட நாள்கள் என்ற வரியையும் எழுதியிருப்பார். என் பொய்யையும் அவர் நோட்டில் எழுதிக்கொள்வார் என்று தோன்றியது. "ஆமாம், அவை மழைநாள்கள்" என்றேன். "எனக்குப் புரியாததால் நீக்கினேன். அதன் காரணம் வெளியே சுவரில் ஒரு போஸ்டரில் இருக்கிறது. தேநீருக்குப் போகும்போது தயவுசெய்து படியுங்கள்."

படித்தார்கள். தேநீர்க் கோப்பையோடு அந்தப் போஸ்டர் முன்னால் நின்ற கூட்டத்தை நான் தூணோரமாக நின்று பார்த்தேன். நொராய்னி மிஸ்ஸி கலைவாணியின் தோளில் கைபோட்டுப் பேசினார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஒன்றும் லேசாகவில்லை, அந்தக் கூட்டம் என் கட்டுரைக்கு ஏன் வரவில்லை என்றுதான் இருந்தது. மாலையில் புவான் ரொஹானா, மேடை விதியைத் தளர்த்தி, கிளினிக்குகளில் நடைமுறைப்படுத்த மழைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்.

திரும்பும்போது கலைவாணிதான் காரோட்டினார். வழியில் லுக்குட் ஊர் வரைக்கும் அம்மாவிடம், அக்காவிடம் என்று போனில் பேசிக்கொண்டே வந்தார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அந்த ரெண்டாவது ரிவியூவர் இன்னிக்கு ஹால்ல இருந்திருப்பாரா டாக்டர்? தெரிஞ்சா ஒரு தேங்க்ஸ் சொல்லியிருப்பேன்லா. அவரு கேக்கலன்னா நான் வீடு வீடா போயே இருக்கமாட்டேன்" என்றார். நன்றி சொல்வதில்கூட இவர் என்னை முந்த வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது.

"அது நான்தான்" என்றேன்.

"என்னா நீங்க?"

"அந்த ரெண்டாவது ஆள் நான்தான். படிச்சதுமே உங்க கட்டுரைன்னு தெரியும்."

இடதுபக்க விளக்கைப் போட்டு, காரைச் சாலையோரம் நிறுத்தினார். எண்ணெய் லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. "பதில் எழுதுறப்ப பக்கத்துல உக்காந்திருந்திங்களே, அப்பவும் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "எதுக்கு டாக்டர்?" ஆய்வுமுறை, ஆதாரம் என்று நிறையச் சொல்லலாம். "பொறாமை" என்றேன். அவருக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. "என் மேலயா? நீங்க பிஎச்டி. நான் இன்னும் கான்ட்ராக்ட். என்கிட்ட என்னா இருக்குன்னு உங்களுக்குப் பொறாம?" பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "எங்க அம்மா கையால டீ குடிச்சிங்க" என்றார். காரை எடுத்தார். என்னை வழியில் இறக்கிவிடவில்லை. பாரோயில் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

மறுநாளே புவான் ரொஹானாவுக்கு நடந்ததை எழுதினேன். மதிப்பாய்வாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். அதே வாரத்தில் கலைவாணி வேறு அறைக்குத் தன் மேசையை மாற்றிக்கொண்டார். டுரியான் பருவம் வந்து போனது. நாலைந்து மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல், இரண்டே வரி. மழைத் திட்டத்தின் பலனைக் கணக்கிட ஓர் ஆள் வேண்டும் என்று குழு சொல்கிறது, கணக்கில் உங்களைவிடச் சரியான ஆள் எனக்குத் தெரியாது, விருப்பம் இருந்தால் சொல்லுங்கள். உடனே ஒப்புக்கொண்டேன். என்னை மன்னித்ததாக அதில் எங்கும் இல்லை. நானும் இரண்டு மூன்று முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்படித்தான் போன நவம்பரில் ஒரு காலை புக்கிட் பெலண்டோக் பக்கத்துக் கிளினிக்கில் இருந்தேன். விடியலிலிருந்து விடாத மழை. மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன, மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்ட ஆள்கள் உள்ளே வந்தார்கள். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பெயர் சொல்லச் சொல்ல, வந்தார் என்று என் மடிக்கணினியில் குறித்துக்கொண்டிருந்தேன். பாக்கியம்மாவும் வந்தார். மகள் அவரிடம் எதையும் சொல்லவில்லை என்பது அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தெரிந்தது. "தம்பி, ஏன் நிக்கிறீங்க, இங்க உக்காருங்க" என்று நோயாளிகள் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். கலைவாணி வந்து அம்மாவின் மழைக்கோட்டைக் கழற்றி, ஒரு துண்டால் தலையைத் துவட்டிவிட்டார். "சாப்புடாம வந்தியா, மாத்திர போட்டியா" என்று ஏதோ திட்டிக்கொண்டே துவட்டினார்.

அந்த நேரத்தில் என் அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டார். அவருக்கு அன்று சர்க்கரைப் பரிசோதனை. ஒரு வாரமாக நினைவுபடுத்தியிருந்தேன்.

"இங்க மழ ஊத்துதுப்பா. இன்னொரு நாளக்கிப் போயிக்கிடுறேன்."

"ஆட்டோ வச்சிப் போங்கம்மா. இங்க மழையிலதான் எல்லாரும் வந்திருக்காங்க."

"அது அங்க. இந்த மழையில இங்க யாருய்யா போவா? டாக்டரே வந்திருக்க மாட்டாரு."

அவர் சொல்வது அந்த ஊருக்கு முற்றிலும் சரி. வராமல் போகப்போகிறார் என்று என் மென்பொருள்கூடப் பிசகாமல் கணித்திருக்கும். ஒரு காதில் ஊரில் பெய்யும் மழை, இன்னொரு காதில் கிளினிக்கின் தகரக் கூரையில் விழும் மழை. அம்மா போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தேன். எதிரே கலைவாணி ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். கட்டுரைக்காக நான் பட்ட பொறாமை எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. காரில் அரை மணி நேரம் போனால் துவட்டிவிட ஒரு தலை அவருக்கு இருந்தது.

"யாரு தம்பி, அம்மாவா?" என்றார் பாக்கியம்மா. "அங்கயும் மழயா?"

"ஆமாம்மா."

"அப்ப கிளினிக் போயிருப்பாங்கல்ல?"

"போய்ட்டாங்கம்மா" என்றேன். கலைவாணி துண்டைக் கையில் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பேசியது முழுவதும் அவருக்குக் கேட்டிருந்தது. பிறகு அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் பாக்கியம் என்ற பெயருக்கு நேரே, வந்தார் என்று குறித்தேன்.